அக்கா வீட்டு நெஞ்சுவலி

என் ஓரகத்தியின் மேல் எனக்குப் பொறாமை. அவள் கழுத்தில் கிடக்கும் சங்கிலிக்காக இல்லை, அவள் வீட்டு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜுக்காகவும் இல்லை. அதற்கெல்லாம் லேசாக வயிறு எரிந்ததுண்டு. ஒரு டம்ளர் மோர் குடித்தால் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. அவள் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்தது, என் புருஷனுக்குக் குடி வந்தது. வருவதுதான் வந்தது, என் வீட்டுக்கும் அந்த நெஞ்சுவலியே வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். படிப்பவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டு மேலே படியுங்கள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்த ஊர் நாகரசம்பட்டிப் பக்கம். அவர்கள் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறிக்கப் போன குடும்பம். இவர்கள் இரண்டு பேரும் ஐடிஐ படித்துவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறினார்கள். அண்ணன் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆனார். என்னவர் இன்னொரு கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருக்கிறார். ஒரே வீட்டின் நடுவில் சுவர் வைத்து இரண்டு போர்ஷனாக்கியதில் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். அந்தச் சுவரின் லட்சணம் என்னவென்றால், அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் இந்தப் பக்கம் நான் எழுந்துபோய் அடுப்பை அணைப்பேன். நான் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டு போவது என் பிழைப்பு.

கணவரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மச்சாண்டார் என்போம். மச்சாண்டார் வந்தால் தம்பி பெண்டாட்டி எழுந்து நிற்க வேண்டும், முகத்துக்கு நேரே நின்று பேசக் கூடாது. ஒரு கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இருந்தும் அவரிடம் நான் நேரடியாகப் பேசிய வார்த்தைகள் குறைவு. காப்பி கொடுப்பதானால்கூடச் சுவரைப் பார்த்து, "காப்பி வச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், உள்ளே போனால் குளிர் எலும்பைத் தொடும், அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி. எங்களைப் போன்றவர்கள் உள்ளே நுழையவே கூசுவோம். ஆனால் அக்கா (ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) அரசாங்கக் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் முகம் மலர்ந்தாள். "ஹார்ட்டாம்மா? ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாம் கார்டுலயே ஆயிடும்" என்றாள். பொழுது சாய்வதற்குள் ஆஞ்சியோ முடிந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஆளை ஜன்னல் ஓரக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். அக்கா கையிலிருந்து பைசா போகவில்லை. டாக்டர் வந்து, எங்கே அடைத்திருந்தது, எப்படித் திறந்தோம் என்று கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி விளக்கினார். அக்கா அந்தப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் யாராவது வந்தால் கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்துக் காட்டுவாள்.

அதற்கப்புறம்தான் கூட்டம். ஊரிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஜனம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. பிரெட் பாக்கெட், ஆப்பிள், மத்தூர் சந்தையில் வாங்கிய சாத்துக்குடி என்று ஆளுக்கொரு பை. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் எத்தனை பை சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அந்த ஆளுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம். மச்சாண்டார் ஸ்டூல் நிரம்பி, கட்டிலுக்கு அடியிலும் பை போனது. "எங்களால தின்னு மாளலடி, கொஞ்சம் எடுத்துட்டுப் போ" என்று அக்கா என் கையில் ஒரு பையைத் திணித்தாள். அந்த ஆப்பிளை என் மகளுக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டு நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. வைத்திருந்தால் கசந்திருக்கும்.

என் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்ததற்கு யாரும் டெம்போ பிடித்து வரவில்லை. என்னவர் முதலில் நைட் ஷிப்ட் முடிந்தால் குடித்தார், பிறகு ஷிப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடித்தார், கடைசியில் குடித்தால்தான் கை நடுங்காமல் பல் துலக்க முடியும் என்ற நிலைக்கு வந்தார். அடிக்கிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இங்கே கடை மூடியிருக்கிற நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடுவார். கம்பெனியில் வார்னிங் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை வேலைக்கு அந்த வாடையோடு வந்தால் கேட்டுக்கு வெளியேதான் என்று சொல்லியிருந்தார்கள்.

மச்சாண்டார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் என் மாமியார் ஊரிலிருந்து வந்து எங்கள் பக்கம் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான், இன்னொருத்தனையாவது காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். சாமல்பட்டிப் பக்கம் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே பூசாரி கையில் கயிறு கட்டிவிட்டால் குடிக்கக் கூடாது. மீறிக் குடித்தால் முனியப்பன் சும்மா விடமாட்டார் என்பது எங்கள் ஜனத்தின் நம்பிக்கை. எத்தனையோ பேர் கட்டிக்கொண்டு நிறுத்தியும் இருக்கிறார்கள். என்னவரும் சரியென்று போனார். குளித்து, ஈரத் துணியோடு நின்று, "இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லிக் கையை நீட்டினார். அதைச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மனிதர் மனசார நிறுத்தத்தான் நினைத்தார்.

அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. அதுதான் ஆபத்து என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அத்தனை வருஷம் குடித்த உடம்பில் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே வினை என்பதை டாக்டர் பிற்பாடுதான் சொன்னார். முதலில் கை நடுக்கம் கூடியது. பிறகு வியர்த்துக் கொட்டியது. என் மாமியார் பூரித்துப் போனார். "பாத்தியா, கயிறு வேலை செய்யுது. முனியப்பன் உள்ள இருக்கிறதப் புழிஞ்சு எடுக்குறாரு" என்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் வந்து பார்த்துவிட்டு, "ஆமாங் அத்தை, வேர்வையே சாராய வாடை அடிக்குது" என்று ஒத்து ஊதினாள். ஒரு மனுஷன் எங்கள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார், நாங்கள் அவருக்குத் திருநீறு பூசிவிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் காலை, அடுக்களைச் சுவரைக் காட்டி, "லைன் ஓடுதுடி, பானல் வருது, தள்ளு தள்ளு" என்றார். இல்லாத பானல்களுக்கு இல்லாத பெயின்ட் அடித்தார். என்னைப் பார்த்து, "சார், ஒரு சொட்டு வழிஞ்சிருச்சு, தொடச்சிடுறேன் சார்" என்று கும்பிட்டார். சாப்பாட்டுத் தட்டு மாதிரி அவர் கண் விரிந்திருந்தது. அப்படியே விறைத்து, பக்கவாட்டில் சாய்ந்து, வாயில் நுரை தள்ளி வெட்டி இழுத்தது. என் மாமியார் அப்போதுதான் பயந்தார்.

"நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்றாள் அக்கா. நம்ம ஆஸ்பத்திரியாம்! அந்தப் பதற்றத்திலும் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆம்புலன்ஸை வரவழைத்துப் போனோம். அவசரப் பிரிவில் உடனே ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். குறை அந்த மேசையில்தான். அதே மேசை, அதே பெண். நான் அதே மாதிரி அட்டையை நீட்டினேன்.

"என்னம்மா பிரச்சினை?"

"ஃபிட்ஸ் வந்துருச்சுங்க மேடம்."

"எதனால வந்துச்சு?"

நான் தயங்கினேன். அக்கா என் பின்னாலிருந்து, "குடிப்பாருங்க, திடீர்னு நிறுத்திட்டாரு" என்று தெளிவாக எடுத்துச் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். அந்தக் கணத்தில் அவள் நாக்கைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தில் மலர்ச்சி வரவில்லை. "இதுக்கு கார்டுல தர்ற பேக்கேஜ் ரொம்பக் கம்மிம்மா. பெட்டுக்கும் மாத்திரைக்குமே கட்டுப்படியாகாது. எங்க மேனேஜ்மென்ட்ல இந்தக் கேஸு கார்டுல எடுக்கறதில்ல" என்றாள்.

"எங்க மச்சாண்டாருக்கு இதே கார்டுதானே போட்டீங்க? போன மாசம்தானே?"

"அது ஹார்ட்டும்மா" என்றாள், நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டது போல.

அது ஹார்ட். அந்த ஒரு சொல்லை அக்காவும் கேட்டாள். அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்ததோ, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ, தெரியாது. இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே மாதிரி அட்டை. ஒருவருக்குக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. இன்னொருவருக்கு அதே கதவு, வெளியே போவதற்குத் தானாகத் திறந்தது.

பெங்களூரில் பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, சீக்கிரம் போய்விடலாம் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். கார்டு எடுபடுமா என்று கேட்டேன். "அது அந்த ஸ்டேட்டுங்க" என்றார். என் புருஷன் குடிக்கப் போகும்போது ஒருவரும் மறிக்காத எல்லையில், அவரைக் குணப்படுத்தக் கொண்டுபோகும்போது மட்டும் அட்டை நின்றுவிடுகிறது. கடைசியில் அந்த டிரைவரே இன்னொரு யோசனை சொன்னார். தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, மாடியில் குடி நோய்க்காரர்களுக்கென்று கொஞ்சம் கட்டில்கள், கார்டும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே கொண்டுபோனார்.

அங்கே கண்ணாடிக் கதவு இல்லை. கொசு வலை அடித்த கதவு, ஸ்பிரிங் கிறீச்சிடும். ஆனால் டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். கார்டில் கொஞ்ச நாளுக்குத்தான் அனுமதி கிடைக்கும், நீட்டிக்கக் கேட்டாலும் சந்தேகம்தான் என்றார். நான் விடாமல் கேட்டேன், ஏன் ஹார்ட்டுக்கு அப்படி, இதற்கு இப்படி என்று. அவர் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். "ஸ்டென்ட்னா அது ஒரு வேலை, அதுக்கு ஒரு ரேட்டு. மெஷின் இருக்கு, கம்பி இருக்கு, படம் இருக்கு, காட்டலாம். நடுக்கத்த நிறுத்தற வரைக்கும் இங்கயும் மருந்து மாத்திரை. அதுக்கப்புறம் நாங்க பண்ற வைத்தியம் முக்கால்வாசி பேச்சும்மா. ஏன் குடிச்சாரு, மறுபடி தோணுச்சுன்னா என்ன பண்ணணும், இதெல்லாம் தினம் உக்காந்து பேசணும். பேச்சுக்கு கார்டுல ரேட்டு இல்ல."

நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது ஒன்றும் புதிய செய்தி அல்ல. எங்கள் பள்ளியில் பஸ் ஓட்டுகிறவர் என்னைவிட அதிகம் வாங்குகிறார். அவர் மேலும் எனக்குப் பொறாமை உண்டு, அது வேறு கதை.

அங்கே இருந்த நாட்களில் எங்களைப் பார்க்க யாரும் வரவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு வயிற்றுப் புண் என்று என் மாமியார் சொல்லி வைத்திருந்தார். வயிற்றுப் புண்ணுக்காவது வந்திருக்கலாம். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அதற்கும் வரவில்லை. அக்கா ஃப்ளாஸ்கில் கஞ்சி கொடுத்தனுப்பினாள், மாடி ஏறி வரவில்லை. என் புருஷனின் ஸ்டூலில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சீப்பும் மட்டும் இருந்தன. அந்த மொட்டை ஸ்டூலைப் பார்க்கப் பார்க்க எனக்கு மானமே போனது. ஒரு நாள் சாயங்காலம் கீழே இறங்கிப்போய் ஆப்பிளும் ஒரு பிரெட் பாக்கெட்டும் நானே வாங்கி, பையோடு ஸ்டூலில் வைத்தேன். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ், "யாரோ வந்தாங்க போல" என்றாள். "ஆமா, ஊர்ல இருந்து" என்றேன். என்னவர் என்னைப் பார்த்தார். ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார்.

அந்த மாடியில்தான் கவுன்சிலிங் மேடம் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. தினம் என்னவரை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார். வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். முதல் சில நாட்கள் மேடம் குரல் மட்டும் கேட்டது. பிறகு இவர் குரலும் கேட்டது. என்ன பேசினார் என்று தெரியாது. என்னிடம் இத்தனை வருஷத்தில் பேசாததை அந்தப் பெண்ணிடம் அப்படி என்ன பேசுகிறார் என்று அதற்கும் எனக்குப் புகைந்தது. ஆனால் வெளியே வரும்போது மனிதர் முகம் கழுவியது போல வருவார். புகைச்சலை விழுங்கிக்கொண்டேன்.

அனுமதித்த நாட்கள் முடிந்தன, நீட்டிக்கக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். படியிறங்கும்போது மேடம் என்னைத் தனியாக நிறுத்தினார். "இப்பதாம்மா பேசவே ஆரம்பிச்சிருக்காரு. இத்தோட விட்டா மறுபடி கடைக்குத்தான் போவாரு. வாரா வாரம் சனிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வாங்க. கார்டுல இதுக்கு ஒண்ணும் வராது. எனக்கு அந்த நேரம் ஓய்வுதான், ஒரு மணி நேரம் தர்றேன்" என்றார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் குடும்பம் நின்ற தூண். என்னவர் வேலைக்குத் திரும்பினார். சம்பள நாளன்று கடைப் பக்கம் போகாமல் எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வர வேண்டும், கூட இருப்பவர்கள் கூப்பிட்டால் என்ன சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டும், எல்லாம் அந்த அறையில் பேசிவைத்துக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை ஆனால் ஆள் தளர்ந்துவிடுவார்; சனிக்கிழமை போய்வந்தால் மறுபடி நிமிர்வார். ஒரு வாரம் தவறினால் என்ன ஆகும் என்று நினைக்கவே நான் துணிந்ததில்லை. பெருமையெல்லாம் கயிற்றுக்குப் போனது. "முனியப்பன் காப்பாத்திட்டாரு" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொன்னார். சாமி மேல் கோபப்படக் கூடாது. ஆனால் அந்தக் கயிற்றைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்வாசல் வழியாக வந்து துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தாள். எப்போதும் வாய் ஓயாதவள், கல்லில் காய்ந்திருந்த சோப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏ புள்ள, உங்க மாமா சரியா இல்லடி" என்றாள்.

"ஏங்க்கா, மறுபடி வலியா?"

"வலி இல்ல. வலிதான் இல்லையே. நெஞ்சு மேல கைய வச்சுக்கினு உக்காந்தே கிடக்கறாரு. தூங்க மாட்டேங்கறாரு, தூங்கினா நின்னுபோயிருமாம். என்னைக் கடைக்குக்கூட விடறதில்ல. நேத்து பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுதுகினு இருக்கறாருடி. வேலைக்கும் போவல."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எத்தனை தடவ? போனா எக்கோ எடுக்கறாங்க, ஈசிஜி எடுக்கறாங்க. அம்மா, ஹார்ட்டு சூப்பரா இருக்குதுங்கறாங்க. அப்பறம் ஏன் அழுவறாருன்னு கேட்டா, அது இங்க பாக்கறதில்லங்கறாங்க." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு நீங்க போற எடத்துக்கு இவரையும் கூட்டினு போலாமாடி? அந்த மேடம்கிட்ட கொஞ்சம் பேசட்டும்."

நியாயமாகப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. எல்லாம் உனக்குத்தான் கிடைத்தது. கண்ணாடிக் கதவு, ஜன்னல் ஓரக் கட்டில், டெம்போ நிறைய ஜனம். எனக்கென்று வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அதிலும் பங்கா?

"முடியாதுக்கா" என்றேன். "அது ஒரு மணி நேரம்தான். அதுவும் அவங்க சும்மா குடுக்கறது. அதுல பாதி போயிட்டா எங்கூட்டுக்காரரு கடைக்குத்தான் போவாரு."

"ஒரு வாரம்டி."

"ஒரு வாரம்கூட முடியாது. உனக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி இருக்குதே. நம்ம ஆஸ்பத்திரி!"

அக்கா எழுந்துவிட்டாள். "என்னாடி பேசற? உன் புருஷன் குடிச்சுப்புட்டு விழுந்தான், அவன ஒருத்தி தினம் உக்காரவச்சு, என்னாப்பா உன் மனசுலன்னு கேட்டா. என் புருஷன் ஒரு தப்பும் பண்ணல. அவரு நெஞ்ச மிஷினு வச்சுப் பாத்தாங்களே தவிர, ஒரு ஆளாச்சும் பயமா இருக்குதான்னு கேட்டாங்களா? நீ சனிக்கிழமை கிளம்பறத ஜன்னல் வழியாப் பாத்து எனக்கு எவ்ளோ எரிஞ்சுதுன்னு உனக்குத் தெரியுமா?"

நான் கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இவள். ஒரு நொடி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

எங்கள் வீட்டுச் சுவர்களின் லட்சணத்தை முதலிலேயே சொன்னேன். என்னவர் உள்ளே படுத்திருந்தார், எல்லாம் கேட்டிருக்கிறார். மறுநாள் மத்தியானம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அந்தப் பக்கம் போய், "அண்ணா, சட்டையப் போட்டுக்க, வா போலாம்" என்றார். நாலு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். மச்சாண்டார் ஒவ்வொரு படிக்கும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மாடி ஏறினார்.

மேடம் எங்களைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் முகம் சரியில்லை. இந்த மாடி வார்டை எடுக்கப் போகிறார்களாம். இந்தக் கட்டில்களுக்குக் கார்டில் வருவது கட்டுப்படியாகவில்லை, மூட்டு மாற்று அறுவைக்கு வார்டு போடப் போகிறார்கள், முட்டிக்கு நல்ல ரேட் வருகிறது. மேடத்துக்கு பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஊழியர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்கும் வேலை கிடைத்துவிட்டது. "அடுத்த சனிக்கிழமைதான் கடைசி" என்றார். யாரோ முட்டி வலிக்காரர்கள் மேலும், குளிர் அறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டே இந்த மேடத்திடம் பேசப்போகும் பெங்களூர்க்காரர்கள் மேலும் ஒரே சமயத்தில் எனக்கு வயிறு எரிந்தது. இருப்பது இரண்டு மணி நேரம். அதில் ஒன்று இன்றைக்கு.

"நீ போ அண்ணா" என்றார் என்னவர்.

மச்சாண்டார் உள்ளே போனார். என்னவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அது நடுக்கமா வெறும் பழக்கமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "உங்க நேரத்தத் தூக்கிக் குடுத்துட்டீங்க" என்றேன். "எனக்கு இழுத்தப்ப அவன்தான் என் காலப் புடிச்சுக்கினு ஆம்புலன்ஸ்ல வந்தான். ஸ்டென்ட் வச்ச ஆளு, தூக்கக் கூடாதுன்னாங்க, கேக்கல" என்றார். அது உண்மை. நான் அதை மறந்தே போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து மச்சாண்டார் அழுகிற சத்தம் கேட்டது. லைனில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்கிய மனிதர், குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். வழக்கப்படி நான் எழுந்து நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்தாள். நான் உதறவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் என்னவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தளர்ந்தார், விழவில்லை. கடைசி சனிக்கிழமை மறுபடி நாலு பேரும் போனோம். இது என் புருஷனுக்குத்தான், இனிமேல் காலத்துக்கும் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் இது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அங்கே போனால், அண்ணன் தம்பியைக் காட்டினார், தம்பி அண்ணனைக் காட்டினார். மேடம் இருவரையும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஒவ்வொரு வாரமும் நீங்க கதவுக்கு வெளியதான் உக்காந்திருந்தீங்க" என்று என்னிடம் சொன்னார். "இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க."

அந்த அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். இதற்குள்ளா என் புருஷன் பிழைத்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மேடம் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். பொதுவாகத்தான் கேட்டார், யாரைப் பார்த்தும் இல்லை. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். என்னை யாரும் கேட்டதில்லை. சொல்வதற்கு எனக்குள் மூட்டை மூட்டையாக இருந்தது. எதில் தொடங்குவது, நான் வாங்கிவைத்த ஆப்பிளிலா, அந்த நுரை தள்ளிய வாயிலா, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்ட நாளிலா என்று யோசித்து வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசத் தொடங்கிவிட்டாள்.

பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொடங்கினாள். அந்தக் கறிக்குழம்பு தீய்ந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது என்றாள். மேடம் ஒருமுறை என் பக்கம் திரும்பினார், அக்கா விடவில்லை. நானும் குறுக்கே போகவில்லை. குறுக்கே போக முடிகிற அழுகையாக அது இல்லை. கீழேயிருந்து யாரோ வந்து கதவைத் தட்டி, சாமான் ஏற்ற வண்டி வந்துவிட்டது என்றார்கள். மேடம் எழுந்து, என் தோளில் கை வைத்து, "உங்களுக்கு நேரமே கிடைக்கலையே" என்றார். "பரவால்லீங்க மேடம்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. முன் சீட்டில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். கடை இருக்கிற நிறுத்தம் வந்தபோது என்னவர் அந்தப் பக்கம் பார்க்காமல் அண்ணனிடம் ஏதோ கேட்டார், அவர் பதில் சொன்னார், பஸ் அதைத் தாண்டியது. அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு இந்த பஸ் இல்லை. என்னவர் அந்தக் கடையைத் தாண்டுவாரோ மாட்டாரோ, அதைத் தினம் வாசலில் நின்று பார்க்கப் போகிறவள் நான்தான். அக்கா என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். எத்தனை மாதத்துத் தூக்கமோ, பிரேக் போட்டபோதுகூட விழிக்கவில்லை. தோள் மரத்துப்போன பின்னும் நான் அவளை எழுப்பாமல், அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவள் மேல் அப்படியொரு பொறாமை.